முதல் வார்த்தையை யார் சொல்வது?

கணினியின் மின்விசையை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? திரையில் ஒரு நிறுவனத்தின் சின்னம் தோன்றும். சற்று நேரத்தில் நமக்குப் பழகிய முகப்பு வந்துவிடும். இடையில் ஓடிப்போகும் அந்தச் சில நொடிகளை நாம் பொருட்படுத்துவதே இல்லை. ஆனால் அந்த நொடிகளில்தான், ஒன்றும் அறியாத ஓர் இயந்திரம் தனக்கு முதல் வார்த்தையைச் சொல்லித்தர ஒருவரைத் தேடுகிறது. வட்டில் தேடும், விரலியில் தேடும், வலையமைப்பில் தேடும். யார் முதலில் கிடைக்கிறாரோ அவர் சொல்வதைக் கேட்கும்.

கணினித் துறையினர் இதனை 'பூட்' என்பர். தன் காலணி வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்னும் ஆங்கில வழக்கிலிருந்து பிறந்த சொல் அது. தமிழில் 'துவக்குதல்' என்கிறோம். ஒரு கணினியைத் துவக்குவது எளிது. ஒரே நாளில் பன்னிரண்டு கணினிகளைத் துவக்கி, யாரும் பக்கத்தில் உட்காராமலே அவற்றில் இயங்குதளத்தை நிறுவ வேண்டுமென்றால், எந்த வழியாகத் துவக்குவது என்னும் கேள்வி பெரிதாகிவிடுகிறது. அந்தக் கேள்விக்கு எங்கள் மலையில் நான் விடை தேடிய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மலை

நான் பிறந்து வளர்ந்தது பிரிஞ்சாங் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே. 1885-இல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கிய மலைநாடு இது. 1929-இல் ரஸல் என்னும் ஆங்கிலேயர் போ தோட்டத்தைத் தொடங்கிய பின், காட்டை வெட்டித் தேயிலை நட வந்தவர்களில் நம்மவர் பலர். இன்று சுங்கை பாலாஸுக்குச் சுற்றுப்பயணிகள் வந்து தேயிலைச் சரிவுகளைப் படம் எடுத்துக்கொண்டு, ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தப் பச்சைக்கு நடுவே இருக்கும் லயங்கள் பெரும்பாலும் படத்தில் விழுவதில்லை.

எங்கள் லயத்துக்குக் கீழே ஓர் ஆயாக்கொட்டகை உண்டு. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகையில் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். என்னையும் அங்கேதான் விட்டுப் போனார்கள். இப்போது தோட்டத்தில் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள். கொழுந்து பறிக்க வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். கொட்டகை சில ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. பிறகு ஊரார் கேட்டு வாங்கி, மாலை நேர வகுப்பு நடத்தத் தொடங்கினோம். நிர்வாகம் ஒரு நிபந்தனை வைத்தது: 2026 பள்ளித் தவணை தொடங்கும்போது அங்கே உருப்படியாக ஏதாவது நடந்துகொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கொட்டகையைத் தொழிலாளர் தங்குமிடமாக மாற்றிவிடுவார்கள். அவர்களுக்கும் இடம் வேண்டும்தானே? அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எங்களுக்கென்று இருந்த கூரை அது ஒன்றுதான்.

அந்தக் கூரை எனக்கு ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். 2016-இல் யூ.பி.எஸ்.ஆர். எழுதிவிட்டு, அடுத்த ஆண்டு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். முதல் வாரம் கணினி அறையில் உட்கார வைத்தார்கள். திரையில் மலாய், விசைப்பலகையில் ஆங்கிலம், ஆசிரியரின் விளக்கம் இரண்டும் கலந்தது. பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள் வீட்டிலேயே கணினி பார்த்தவர்கள். கைகள் தாமாக ஓடின. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நான் நான்காம் படிவம். வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு அம்மாவின் கைப்பேசி ஒன்றுதான். தம்பியின் வகுப்பு முடிந்த பிறகே என் வகுப்பைத் திறக்க முடியும். எங்களோடு படித்தவர்களில் சிலர் அந்த ஆண்டோடு காய்கறித் தோட்ட வேலைக்குப் போனவர்கள்தாம், பள்ளிக்குத் திரும்பவில்லை. 'கூரை ஒன்றும் கணினி சிலவும் இருந்திருந்தால்' என்று அப்போது நினைத்தது இன்னும் மனத்தில் இருக்கிறது.

பன்னிரண்டு பழைய கணினிகள்

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் ஒரே நாளில் 'பழையவை' ஆகிவிட்டன. ஈப்போவில் ஓர் அலுவலகம் அப்படி ஒதுக்கிய பன்னிரண்டு மேசைக்கணினிகளை, வட்டுகளைத் துடைத்து, எங்களுக்குக் கொடுத்தது. சிம்பாங் புலாய் பாதை வழியாகக் காய்கறி லாரியில், காலிக் கூடைகளுக்கு நடுவே அவை மலையேறி வந்தன.

அவற்றில் டெபியன் லினக்ஸ் போடுவதென்று முடிவு செய்தேன். 2025 ஆகஸ்டில் வெளியான 13-ஆம் பதிப்பு, இலவசம், பழைய இயந்திரத்திலும் ஓடும். ஆனால் கையால் நிறுவினால் அது வரிசையாகக் கேள்வி கேட்கும். எந்த மொழி? எந்த நாடு? எந்த விசைப்பலகை? கணினிக்கு என்ன பெயர்? கடவுச்சொல் என்ன? வட்டை எப்படிப் பிரிப்பது? எந்த மென்பொருள்கள் வேண்டும்? கேள்விகளுக்கு நடுவே நீண்ட காத்திருப்பு வேறு. ஒரு கணினியின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பன்னிரண்டு என்றால் இரண்டு நாள் போய்விடும். சோர்ந்த கையில் பன்னிரண்டும் பன்னிரண்டு விதமாக அமையும்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததன்று. சன் நிறுவனம் தன் சோலாரிஸ் கணினிகளுக்கு 'ஜம்ப்ஸ்டார்ட்' என்று ஒன்றைச் செய்தது. ரெட் ஹாட் லினக்ஸ் 'கிக்ஸ்டார்ட்' செய்தது. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாங்கே 1999-இல் 'ஃபை' என்னும் முழுத் தானியங்கி நிறுவியைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது; அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இலட்சக்கணக்கான கணினிகளுக்கு முன்னால் ஆள் உட்கார்ந்து 'ஆம், ஆம்' என்று அழுத்திக்கொண்டா இருக்க முடியும்?

டெபியனில் இதற்கு 'முன்விடைக் கோப்பு' உண்டு. 'பிரிசீட்' என்பார்கள். எல்லாக் கேள்விகளுக்கும் விடையை முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. அதனை நான் விடைத்தாள் என்றே அழைக்கிறேன். எழுதிவைப்பது கடினமில்லை. அந்த விடைத்தாள் இயந்திரத்தின் கையில் எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிப்பது துவக்கும் வழி.

நான்கு வழிகள்

என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன.

முதல் வழி, விரலி. நிறுவியையும் விடைத்தாளையும் ஒரு விரலியில் வைத்து, அதிலிருந்து துவக்குவது. எல்லாரும் அறிந்த வழி. வேறு கருவி வேண்டாம். ஆனால் ஒரு விரலி ஒரு நேரத்தில் ஒரு கணினிக்குத்தான். இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. விடைத்தாளை நிறுவியின் உயிர்க்கருவாகிய துவக்க நினைவுக் கோப்புக்குள்ளேயே திணித்துவிட்டால், முதல் கேள்வியான மொழிக்கும் அது விடை சொல்லிவிடும். விரலியில் தனிக் கோப்பாக வைத்தால், நிறுவி விரலியைக் கண்டுபிடித்த பிறகே படிக்கும். அதற்குள் மொழியையும் விசைப்பலகையையும் கேட்டு முடித்திருக்கும். துவக்கும்போதே மொழியைச் சொல்லிவிட்டால் அதையும் தவிர்க்கலாம்.

இரண்டாம் வழி, வலையமைப்பு. கணினியில் எதையும் செருகாமல், கம்பி வழியாகவே இன்னொரு கணினியிடமிருந்து எல்லாவற்றையும் பெறுவது.

மூன்றாம் வழி, படியெடுப்பது. ஒரு கணினியை முழுதாக அமைத்து, அதன் வட்டை அப்படியே மற்றவற்றுக்கு நகலெடுப்பது. விரைவான வழிதான். ஆனால் எங்கள் பன்னிரண்டில் ஒன்பது ஒரு வகை, மூன்று வேறு வகை. வட்டுகளின் அளவும் ஒன்றில்லை. மேலும் ஒவ்வொரு கணினிக்கும் தனியாக இருக்க வேண்டிய அடையாள எண்ணும் சேர்ந்து நகலாகிவிடும். பன்னிரண்டு பேருக்கும் ஒரே அடையாள அட்டையைக் கொடுத்தது போல. பிறகு ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்ற வேண்டும்.

நான்காம் வழி, வட்டே இல்லாமல் நடத்துவது. 'எல்.டி.எஸ்.பி.' என்னும் திட்டம் 1999-இலிருந்து இதனைச் செய்துவருகிறது. வழங்கி ஒன்றில் மட்டும் இயங்குதளம் இருக்கும்; மற்றவை ஒவ்வொரு முறையும் அதனிடமிருந்தே துவங்கும். பராமரிக்க எளிது. உலகில் எத்தனையோ பள்ளிகள் இதனால் பயனடைந்திருக்கின்றன. ஆனால் வழங்கி படுத்தால் பன்னிரண்டும் படுத்துவிடும். எங்கள் மலையில் பிற்பகல் ஆனால் இடி. இடி விழுந்தால் மின்சாரம் போகும். அந்த ஒரு வழங்கியை நம்பி வகுப்பு நடத்த எனக்குத் துணிவில்லை.

ஆக, மூன்றும் நான்கும் கழிந்தன. விரலியா, வலையமைப்பா?

பெரட்டுக்களம்

வலையமைப்பு வழித் துவக்கத்துக்குப் 'பி.எக்ஸ்.இ.' என்று பெயர். இன்டெல் நிறுவனம் 1999-இல் அதன் 2.1 வரையறையை வெளியிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதனை விளக்க எனக்கு ஓர் உவமை கிடைத்தது.

விடியற்காலைப் பெரட்டை எண்ணிக்கொள்ளுங்கள். புதிதாக வந்த ஆள் ஒருவர் பெரட்டுக்களத்தில் வந்து நிற்கிறார். யாரையும் தெரியாது. 'யாராவது எனக்கு வேலை கொடுங்கள்' என்று பொதுவாகக் குரல் கொடுக்கிறார். கிராணி அவருக்கு ஒரு நம்பர் கொடுத்து, 'ஸ்டோருக்குப் போ, இன்ன சாமானைக் கேட்டு வாங்கு' என்கிறார். ஸ்டோரில் கூடையும் கத்தியும் கிடைக்கின்றன. பிறகு காட்டுக்குப் போய் வேலையைத் தொடங்குகிறார்.

கணினியும் அப்படியே. வலைப்பின்னல் அட்டையில் உள்ள சிறு நிரல் வலையமைப்பில் பொதுவாகக் குரல் கொடுக்கும். டி.எச்.சி.பி. வழங்கி என்னும் கிராணி, அதற்கு ஒரு முகவரியைக் கொடுத்து, எந்த வழங்கியில் எந்தக் கோப்பை வாங்க வேண்டும் என்று சொல்லும். டி.எப்.டி.பி. என்னும் ஸ்டோர் அந்தக் கோப்பைக் கொடுக்கும். 1981-இலிருந்து இருக்கும் மிக எளிய முறை அது. 512 பைட்டாக ஒரு துண்டு கொடுத்து, 'கிடைத்தது' என்ற பதில் வந்த பிறகே அடுத்த துண்டைக் கொடுப்பது அதன் அடிப்படை. அதனால் மெதுவானது. அதன் வழியாகச் சிறியவற்றை மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றவற்றை வலைப்பக்கம் வரும் வழியாகிய எச்.டி.டி.பி.யில் இறக்குவதுதான் நல்ல ஏற்பாடு.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒரு பெரட்டில் இரண்டு கிராணிகள் நின்றால் என்ன ஆகும்? வந்தவர் யார் சொன்னதைக் கேட்பார்? ஆகவே வேறு டி.எச்.சி.பி. வழங்கி இருக்கும் வலையமைப்பில் நம்முடையதைச் செருகக் கூடாது. தனி இணைப்புப் பெட்டி ஒன்றில் நம் கணினிகளை மட்டும் இணைக்க வேண்டும்.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் பெரிது. நம் விடைத்தாள், 'வட்டை அழிக்கலாமா?' என்ற கேள்விக்கும் 'ஆம்' என்று எழுதிவைத்த விடைத்தாள். துவக்க வரிசையில் வலையமைப்பை முதலில் வைத்து, நிறுவலைத் தானாகத் தொடங்க விட்டால், கணினி நிறுவி முடித்து மறுபடி துவங்கும். மறுபடி வலையமைப்பைக் கேட்கும். மறுபடி எல்லாவற்றையும் அழித்து நிறுவும். இரவெல்லாம் அதையே செய்துகொண்டிருக்கும்! யாரோ தம் பாடங்களோடு கொண்டுவந்த மடிக்கணினி அந்தக் கம்பியில் மாட்டிக்கொண்டால் அதுவும் துடைக்கப்பட்டுவிடும். ஆகவே வட்டுதான் எப்போதும் முதலில். எப்12 விசையை அழுத்தினால் மட்டுமே வலையமைப்பு. அங்கே வரும் பட்டியலிலும் சும்மா விட்டால் வட்டிலிருந்து துவங்க வேண்டும். நிறுவலை ஒருவர் கைவைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கள் ஒன்பது கணினிகள் யூ.ஈ.எப்.ஐ. முறையில் துவங்குபவை, மூன்று பழைய பயாஸ் முறை. இரண்டுக்கும் ஒரே துவக்கக் கோப்பு பொருந்தாது. கணினி குரல் கொடுக்கும்போதே தன் வகையையும் சொல்லும். அதைப் பார்த்து இன்னாருக்கு இன்ன கோப்பு என்று கொடுக்கும்படி வழங்கியை அமைத்தேன்.

இணையம்? கொட்டகைக்கு அருகில் கைப்பேசி அலை மூடுபனியைப் போல வரும், போகும். எனவே கோலாலம்பூரிலிருந்து கிளம்புமுன், வளாக இணையத்தில் ஒரு முறை முழு நிறுவலையும் நடத்தினேன். தேவையான மென்பொருள் பொதிகளெல்லாம் என் மடிக்கணினியில் சேமிப்பாகத் தங்கிவிட்டன. அந்த மடிக்கணினியே வழங்கி. மலையில் ஒரு பைட் இணையமும் தேவைப்படவில்லை.

தண்டல் மாமாவின் கேள்வி

2025 டிசம்பர் பள்ளி விடுமுறையில் பத்து நாள் வீட்டில் இருந்தேன். கொட்டகைச் சாவி தண்டல் மாமாவிடம். ஓய்வு பெற்றவர். பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் கம்பி இழுத்தார். நான் வலையமைப்பு வழியை அவருக்குப் பெருமையாக விளக்கினேன். ஒரே பிற்பகலில் பன்னிரண்டும் தயாராகிவிடும் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்று கேட்டார்.

"எல்லாம் சரி பாப்பா. உன் மடிக்கணினி கோலாலம்பூருக்குப் போயிடும். அடுத்த மாசம் ஒரு கணினி படுத்துக்கிச்சுன்னா, யாரு எழுப்புறது?"

அந்தக் கேள்வியை நான் ஏற்கெனவே எண்ணிவைத்திருந்தேன் என்று சொல்லலாம். ஆனால் அவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அதன் கனம் தெரிந்தது. பன்னிரண்டில் ஒன்றை வழங்கியாகக் கொட்டகையிலேயே விட்டுப் போகலாம் என்பது என் திட்டத்தில் இருந்தது. விட்டுப் போகலாம்தான். அந்த வழங்கியே படுத்தால்? மின்சாரம் போய் வந்து அதன் முகவரி மாறினால்? யாராவது வைஃபை பெட்டி வாங்கிவந்து அதே இணைப்பில் செருகினால்? இரண்டு கிராணி கதைதான். ஒவ்வொன்றுக்கும் எனக்கு விடை தெரியும். ஆனால் நான் அங்கே இருக்கமாட்டேனே!

ஆகவே ஒரு சோதனை வைத்தேன். என் சித்தி மகள் அடுத்த ஆண்டு நான்காம் படிவம் போகப்போகிறவள். கொட்டகையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். இரண்டு வழிகளையும் அரைப் பக்கத்தில் தமிழில் எழுதி அவளிடம் கொடுத்தேன். நான் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். என்னை ஒரு கேள்விகூடக் கேட்காமல் அவள் எதைச் செய்து முடிக்கிறாளோ, அதுவே கொட்டகைக்கு உரிய வழி.

வலையமைப்பு வழியில் எல்லாம் சரியாக இருந்தபோது அவள் எளிதாகச் செய்தாள். பிறகு வழங்கியின் கம்பியை மட்டும் உருவிவிட்டு மறுபடி செய்யச் சொன்னேன். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுத்துகள் வந்து நின்றன. குற்றம் எந்தப் பக்கம் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கம்பியா, பெட்டியா, வழங்கியா, கணினியா? தேட வேண்டிய இடங்கள் நான்கு. விரலி வழியில் தேட வேண்டிய இடம் ஒன்றே. விரலி கெட்டால் இன்னொரு விரலி.

"அக்கா, இது மெதுவா இருக்கு. ஆனா என் கையிலயே இருக்கு," என்றாள்.

முடிவு அங்கே பிறந்தது. முதல் நாள் மொத்த நிறுவலுக்கு வலையமைப்பு. அதற்குப் பிறகு என்றென்றைக்கும் விரலி. இரண்டுக்கும் விடைத்தாள் பெரும்பாலும் ஒன்றே. வழியையும் விடைத்தாளையும் தனித்தனியாக வைத்துக்கொண்டதன் நன்மை இது. வழியை மாற்றினாலும் எழுதிய விடைகளை மாற்ற வேண்டியதில்லை. நிறுவிய பின் பன்னிரண்டும் ஒன்றைப் போலவே இருந்தன. விரலியில் நிறுவிய பதின்மூன்றாவதும் அப்படியே இருக்கும்.

விட்டுவைத்த ஒரு கேள்வி

'பெரும்பாலும்' என்று சொன்னேன் அல்லவா? விரலியின் விடைத்தாளில் இரண்டை மாற்றினேன்.

ஒன்று, மொழி. வலையமைப்பில் நிறுவும்போது நிறுவி எந்த மொழியில் பேசினாலும் கவலையில்லை, பார்க்க ஆளில்லை. விரலியின் முன்னால் ஆள் இருப்பார். டெபியன் நிறுவியை வரைகலை முறையில் தமிழிலும் ஓட்டலாம். விரலியை அப்படி அமைத்தேன். நிறுவி முடிந்ததும் லோகித் தமிழ் எழுத்துருவும், தமிழ்99, ஒலிபெயர்ப்பு ஆகிய விசைப்பலகைகளும் தாமாக ஏறும்படி செய்தேன். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சலைத் தொடங்கினார். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அவ்வளவு பேர் உழைத்து வைத்திருக்கும்போது, எங்கள் கொட்டகைக் கணினியில் தமிழ் எழுத ஒரு பிள்ளை யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. பாடத்துக்கு மலாயும் ஆங்கிலமும் வேண்டுமென்றால் பயனர் நுழையும்போது மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் வழி வைத்தேன்.

இரண்டு, வட்டை அழிக்கும் கேள்வி. மற்ற எல்லாவற்றுக்கும் விடை எழுதிவிட்டு அதனை மட்டும் வெற்றாக விட்டேன். நிறுவி வட்டைப் பிரிக்கத் திட்டமிட்டபின் நின்று, 'இந்த மாற்றங்களை வட்டில் எழுதலாமா?' என்று பொருள்படத் தமிழில் கேட்கும். அதற்கு முன்னிருப்பு விடை 'இல்லை' என்பதே. ஒருவர் படித்து, எண்ணி, 'ஆம்' என்று மாற்றினால்தான் வேலை தொடரும். முழுத் தானியங்கியாக்குவது எனக்கு ஒரு வரி வேலை. ஆனால் பிள்ளைகளின் பாடங்களும் படங்களும் இருக்கும் கணினி அது. அழிக்கும் முன் ஒரு மனிதரைக் கேட்பதுதானே முறை?

அம்மா அன்று மாலை வேலை முடிந்து, ஃபிளாஸ்கில் தேநீரோடு கொட்டகைக்கு வந்தார். விரலியைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அம்மா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். கணினித் திரையை எப்போதும் எட்ட நின்றே பார்ப்பார். அந்தக் கேள்வி வந்து நின்றதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்தார். எழுத்துக்கூட்டி முழுதையும் வாய்விட்டுப் படித்தார்.

"ஏம்மா, இது நம்மள கேட்டுக்கிட்டு நிக்குது. யாராவது பதில் சொல்லுங்களேன்," என்றார்.

"நீங்களே சொல்லுங்கம்மா," என்றேன்.

"உள்ள ஏதும் இருக்கா?"

"இல்லம்மா. காலியாத்தான் இருக்கு."

அம்மா சுட்டியைப் பிடித்து 'ஆம்' என்பதில் வைத்தார். கொழுந்து பறித்துக் கறையேறிய விரல்கள். நிறுவல் தொடங்கியது. அந்தப் பன்னிரண்டாவது கணினியை நிறுவியவர் என் அம்மா என்று நான் இங்கே பதிவு செய்கிறேன்.

மற்ற பதினொன்றும் அதற்கு முதல் நாளே, வலையமைப்பு வழியில், ஒரே பிற்பகலில் முடிந்திருந்தன. வரிசையாக எப்12 அழுத்திக்கொண்டே போனார்கள் பிள்ளைகள். ஏறக்குறைய அரை மணி நேரம். முதலில் முடித்த கணினிக்குக் கைதட்டல் கிடைத்தது.

அதற்குப் பிறகு

2026 ஜனவரியில் தவணை தொடங்கியது. நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனதாகத் தண்டல் மாமா சொன்னார். கொட்டகை இன்னும் எங்களிடம் இருக்கிறது. ஓராண்டுக்குத்தான் அனுமதி, மறுபடி கேட்க வேண்டும். மாலையில் பதினைந்து இருபது பிள்ளைகள் வருகிறார்கள். முதலாம் படிவத்துப் பிள்ளைகள் கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் நுழைந்து வீட்டுப்பாடம் செய்ய, சித்தி மகளின் கைப்பேசி அலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அலை இல்லாத நாளில் தட்டச்சுப் பழகுகிறார்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இப்போதே அங்கே உட்காரத் தொடங்கிவிட்டார்கள். இடைநிலைப்பள்ளிக் கணினி அறையில் முதல் வாரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய நிலை அவர்களுக்கு வராது.

பிப்ரவரியில் ஒரு கணினியின் வட்டு பழுதானது. அன்று எனக்குத் தேர்வு. கைப்பேசியை அணைத்து வைத்திருந்தேன். மாலையில் திறந்தபோது சித்தி மகளிடமிருந்து வரிசையாக மூன்று குரல் செய்திகள். முதலாவதில், கணினி துவங்கவில்லை என்று பதற்றம். இரண்டாவதில், தண்டல் மாமா எங்கேயோ பழைய வட்டு ஒன்று தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார் என்று செய்தி. மூன்றாவது மிகச் சிறியது.

"அக்கா, கேட்டுச்சு. ஆமான்னு சொல்லிட்டேன். ஓடுது."

நண்பர்களே, நம்மில் பலர் தோட்டத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் இங்கே வந்திருக்கிறோம். விடுமுறையில் ஊருக்குப் போய் உதவி செய்ய விரும்பாதவர் நம்மில் யாரும் இல்லை. ஆனால் நாம் திரும்பி வந்த மறுநாளும் அந்த உதவி அங்கே உயிரோடு இருக்குமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்வோம். விரைவான வழி எது, அழகான வழி எது என்பவை நாம் வகுப்பில் கற்றுக்கொள்பவை. ஊரில் தங்குகிறவர் கைக்கு எட்டும் வழி எது என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அரைப் பக்கம் தமிழில் எழுதிக் கொடுங்கள். வெளியே போய்ப் படிக்கட்டில் உட்காருங்கள். விடை தெரிந்துவிடும்.

அந்த விடைத்தாளும் அரைப் பக்கக் குறிப்பும் மொழிக் கழக அறையில் ஒரு விரலியில் இருக்கின்றன. வரும் விடுமுறையில் உங்கள் தோட்டத்துக்குப் பழைய கணினிகள் கொண்டுபோகிறவர்கள் அதனைப் படியெடுத்துக்கொள்ளலாம். கணினியின் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் மாற்றுங்கள். வட்டை அழிக்கும் கேள்விக்கு விடை எழுதிவிடாதீர்கள். அதனை அங்கே இருப்பவர் சொல்லட்டும்.